மூன்றாவது தேசிக்காய்

"மகள் இப்ப எங்க வேலை?" என்று லண்டன் குட்மேய்ஸில் யார் கேட்டாலும் அந்த வருடம் முழுக்க நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "துப்புரவு வேலை."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அவள் சேர்ந்திருந்த கடற்படை ஹெலிகொப்டர் அணியின் வேலை கடலைத் துப்புரவு செய்வதுதான். யாரோ எப்போதோ தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடிகளை அவர்கள் கூட்டி எடுப்பார்கள். ஹெலிகொப்டரின் பின்கதவிலிருந்து ஒரு நீண்ட கம்பிவடம் இறங்கும். அதன் நுனியில் கட்டிய ஒரு மிதவை தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே பெரிய கப்பலின் சத்தத்தைப் போடும். கப்பல்தான் வருகிறது என்று ஏமாந்து வெடி வெடிக்கும். அந்த நேரம் ஹெலிகொப்டர் முன்னால் பத்திரமாகப் பறந்துகொண்டிருக்கும். இவ்வளவையும் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கியபடி விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

மூன்று வீடு தள்ளியிருக்கும் அக்கா ஒருவர் மட்டும் விடவில்லை. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டவர் அவர். "படிச்ச பிள்ளை, என்னத்தைத் துப்புரவாக்கிறா?" என்று கேட்டார். "கடலை" என்றேன். இரண்டு கிழமைக்குள் என் மகள் கப்பலில் கக்கூஸ் கழுவுகிறாள் என்று இல்ஃபோர்ட் வரைக்கும் கதை போய்விட்டது. மாப்பிள்ளைப் பேச்சும் அத்தோடு நின்றது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் வேறு. நாங்கள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். ஹெலிகொப்டர் என்றால் எங்களுக்கு ஓடிப்போய்ப் பதுங்க வைக்கிற சத்தம். கடற்படை என்றால் கடலுக்குப் போனவர் திரும்பி வருவாரா என்கிற பயம். என் மகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வேலை கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். அதைக் கேட்டு என் கணவர் இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "வெடி வைக்கிற வேலை இல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டார். "இல்லை அப்பா, எடுக்கிறது மட்டும்தான்" என்றாள். "அப்ப சரி" என்று சோற்றைப் பிசைந்தார். எனக்குச் சரியாகவில்லை. என் கோபமும் பயமும் ஒரே இடத்திலிருந்து வருபவை. வீட்டில் யாருக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். லண்டனிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம், கடற்கரையோரத்தில் ஒரு விமானத்தளம். அங்கே அவள் கையில் ஒரு நீலப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அதில் நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள். ஒவ்வொன்றையும் செய்து காட்டி, தலைமை மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லோரும் 'சீஃப்' என்று கூப்பிடும் வழுக்கைத் தலை மனிதர் அவர். புத்தகம் முழுதாக நிறைந்தால் வருடக் கடைசியில் மூன்று அதிகாரிகள் முன் வாய்மொழிப் பரீட்சை. அதில் தேறினால், 'இந்த ஹெலிகொப்டர் பறக்கத் தகுந்தது' என்று அவளே கையெழுத்துப் போடலாம். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானி இயந்திரத்தைத் தொடவும் மாட்டார். என் மகள் ஆசைப்பட்டதெல்லாம் அந்தக் கையெழுத்து ஒன்றுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். அணியில் நான்கு ஹெலிகொப்டர்கள். ஒன்று பறக்கும், ஒன்று நாளைக்குப் பறக்கும் என்று எல்லாக் கிழமையும் சொல்வார்கள், மூன்றாவது பிரித்துப் போட்டபடி கிடக்கும், நாலாவதிலிருந்து மற்ற மூன்றுக்கும் சாமான் கழற்றுவார்கள். கடலுக்குப் போய் வந்ததும் உப்புப் போகக் குளிப்பாட்ட வேண்டும். "என்னைக்கூட நீங்கள் இப்பிடிக் குளிப்பாட்டியிருக்க மாட்டியள்" என்றாள். நான் குளிப்பாட்டியது அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களின் காலை நடை. சமையற்காரர், எழுதுவினைஞர், விமானி, மெக்கானிக் என்று அத்தனை பேரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையில் நின்று, குனிந்த தலை நிமிராமல் ஓடுதளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை நடப்பார்களாம். கல், ஆணி, கம்பித்துண்டு, ஒரு சூயிங்கம் கடதாசி என்றாலும் பொறுக்கிப் பையில் போடுவார்கள். காற்றாடி சுற்றும்போது ஒரு சின்னக் கல் எழும்பி எஞ்சினுக்குள் போனாலும் ஹெலிகொப்டர் விழுந்துவிடுமாம். "ஒரு கல்லுக்கோ?" என்றேன். "ஓம் அம்மா, ஒரு கல்லுக்கு." அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வெங்காயம் விலை ஏறிவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

பங்குனியில் ஸ்கொட்லாந்துப் பக்கம் பயிற்சிக்குப் போனார்கள். பொய்க் கண்ணிகளை ஒளித்து வைத்துவிட்டு இவர்களைத் தேடச் சொன்னார்களாம். முதல் நாளே கம்பிவடத்தில் பெரிதாக ஏதோ கொழுவிக்கொண்டது. எல்லோரும் ஆரவாரமாக இழுத்துப் பார்த்தால், யாரோ ஒரு மீனவர் சிங்க இறால் பிடிக்க வைத்த கூடுகள் வரிசையாக வந்தன. சீஃப் ஒரு விஸ்கிப் போத்தலோடு மன்னிப்புக் கேட்கப் போனார். மீனவரும் அவருமாக அந்தப் போத்தலை அங்கேயே முடித்துவிட்டார்கள். இதை மகள் சொல்லச் சொல்ல நான் வயிறு நோகச் சிரித்தேன். அடுத்த மூச்சில் அவள், "நாலாம் நாள் வடம் சிக்கிப்போச்சு, மெஷினே ஒரு பக்கம் சரிஞ்சுது, வடத்தை வெட்டி விட்டிட்டு வந்தவை" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ உள்ளுக்கு இருந்தனியோ?" என்று கேட்டேன். "ஓம், ஆனா ஒண்டும் இல்லை அம்மா" என்றாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

ஆடி மாதத்தில் அணியின் குடும்ப நாள் வந்தது. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் போய் ஹெலிகொப்டரைத் தொட்டுப் பார்க்கலாம். நாங்களும் போவதென்று முடிவானதும் நான் முதலில் செய்த காரியம், அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனதுதான். லண்டனில் எங்கள் ஆட்கள் கார் வாங்கினால் முதலில் கோயில் வாசலில்தான் நிறுத்துவார்கள். ஐயர் பூசை செய்து, ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் ஓர் எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், வைத்து, காரை அதன்மேல் ஏற்றச் சொல்வார். சில்லில் நசிந்த தேசிக்காயோடு கண்ணூறும் கழிந்துவிடும்.

"வாகனம் வெளியில நிக்குதோ?" என்று ஐயர் கேட்டார்.

"இல்லை ஐயா, அஞ்சு மணித்தியாலம் தள்ளி நிக்குது."

"என்ன வாகனம்?"

"ஹெலிகொப்டர்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "சில்லு எத்தினை?" என்று கேட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது. முன்னுக்கு ஒரு கால், பின்னுக்கு இரண்டு கால் என்று மகள் அனுப்பிய படத்தைக் காட்டினேன். "அப்ப மூண்டு காணும்" என்று குங்குமம் தடவிய மூன்று தேசிக்காய்களைத் தந்தார்.

வியாழக்கிழமை விடிய குட்மேய்ஸில் ரயில் ஏறி, பாடிங்டனில் மாறிப் போனோம். கைப்பையில் தேசிக்காய். மடியில் நாற்பது மிதிவெடி. யாழ்ப்பாணத்தில் முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோலுக்கு அதுதான் பெயர். தளத்து வாசலில் நின்ற காவலர் பெட்டியைத் திறந்து, "இது என்ன?" என்று கேட்க, என் கணவர் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வாயெடுத்தார். எங்களைக் கூட்டிப்போக வாசலுக்கு வந்திருந்த மகள் அவருடைய கையைக் கிள்ளி, "ரோல்ஸ்" என்றாள்.

ஹெலிகொப்டர் நான் நினைத்ததைவிடப் பெரிது. எங்கள் வீட்டை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம். மகள் எண்ணெய் படிந்த காற்சட்டையோடு அதற்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. சீஃப் மிதிவெடியைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். இரண்டாவதையும் எடுத்தார். எல்லோரும் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்ற நேரத்தில் நான் பின்பக்கம் போய், இடது காலுக்கு முன்னால் ஒரு தேசிக்காயும் வலது காலுக்கு முன்னால் ஒன்றும் வைத்தேன். முன்காலில்தான் பிரச்சினை. சீஃப் அதிலேயே சாய்ந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நகர்வதாகக் காணவில்லை. அதனால் உள்ளே சுற்றிக் காட்டியபோது, வடம் சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்து இருக்கையின் கீழிருந்த இடுக்கில் மூன்றாவதைச் சொருகிவிட்டேன். தெய்வத்துக்கு இடம் விளங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமான் விழுந்து கிடப்பதைப் பற்றி அவள் சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. கல், ஆணி, கம்பி என்றுதான் அவள் சொன்னாள். கோயில் தேசிக்காய் அந்தக் கணக்கில் வரும் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை.

அன்றிரவே வீடு திரும்பினோம். அடுத்த நாள் காலை, நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கையில் மகள் போன் எடுத்தாள். பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, சீரியஸா ஒண்டு கேக்கிறன். காலமை நடையில தேசிக்காய் எடுத்திருக்கினம். சிவப்புப் பவுடரோட. ஒபிஸர்மார் ஜின்னுக்குப் போடுறது எண்டு எல்லாரும் பகிடி பண்ணீனம். சீஃப் மட்டும் சிரிக்கேல்லை. நீங்களோ?"

நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வருடம் முழுக்க எனக்குப் பொய் நல்ல சரளம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எத்தினை எடுத்தவை?"

"ரெண்டு."

தோளில் மாட்டிய கைப்பையை இறக்கிக் கீழே வைத்தேன்.

"அம்மா," என்றாள். சிரிப்பு போய்விட்டது. "நீங்கள் எத்தினை வைச்சனீங்கள்?"

"மூண்டு. மற்றது உள்ளுக்கு. கம்பி சுத்திற மெஷினுக்குப் பக்கத்து சீட்டுக்குக் கீழ."

அந்த நிமிடம் அந்த ஹெலிகொப்டர் ஐந்து பேரோடு காற்றாடி சுற்றிக்கொண்டு நின்றதாம். புறப்படப் பத்து நிமிடம்கூட இல்லை. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு தேசிக்காய், அதுவும் உள்ளே, பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. சொன்னால், செய்தது அவளுடைய தாய் என்பது எல்லோருக்கும் தெரியவரும். நீலப் புத்தகத்தில் ஒரு பக்கம்தான் மிச்சம் இருந்தது. அதில் போட வேண்டிய கையெழுத்து சீஃபினுடையது. அந்தக் கையெழுத்தின் அருமை எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் போனைக்கூட நிறுத்தாமல் ஓடினாள். சப்பாத்துச் சத்தமும், "நிப்பாட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் அவள் கத்துவதும் என் காதில் விழுந்தன. பிறகு தொடர்பு அறுந்தது.

நான் வேலைக்குப் போனேன். ஒரு கிழவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக ஷாம்பூவை நீட்டினேன். மத்தியானம் ஒரு செய்தி வந்தது: 'இன்னும் கிடைக்கவில்லை.' டோர்ச்சும், தடியில் கட்டிய கண்ணாடியுமாக இருபது பேர் தேடுகிறார்களாம். இருக்கைகளைக் கழற்றியாயிற்று. தரைப் பலகையைக் கழற்றுகிறார்கள். அது கிடைக்கும்வரை அந்த ஹெலிகொப்டர் அசையாது. 'வைத்தது நிச்சயமா?' என்று கேட்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. வைத்தது எனக்குத் தெரியாதா?

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, நடந்ததை எல்லாம் கணவரிடம் கொட்டினேன். காலையில் போன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தவர். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. எழும்பிக் குசினிக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதில் குங்குமம் ஒட்டிய பாதித் தேசிக்காய் இருந்தது.

"நீர் சொருகினதைப் பாத்தனான்," என்றார். "பின்னால வந்து எடுத்து கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டன்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் ரெயிலில வைச்சுச் சண்டை பிடிப்பீர். அஞ்சு மணித்தியாலம்."

உண்மைதான். பிடித்திருப்பேன். "மற்றப் பாதி?" என்று கேட்டேன். அவருக்கு இரண்டு நாளாகத் தடிமன், மூக்கடைப்பு. காலையில் வெறுந்தேத்தண்ணிக்குள் பிழிந்து குடித்துவிட்டாராம். கோயில் தேசிக்காய்தானே, நல்லதுதானே என்று யோசித்தாராம்.

மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் சீஃபையும் கேட்க வைத்தாள். நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, தேசிக்காய் லண்டனில் இருக்கிறது என்றேன். காணாமல் போன எதுவும் முழுதாகக் கணக்கில் வர வேண்டும் என்பது அவர்களுடைய விதி. சீஃப் மிக மரியாதையாக, மறுபாதி எங்கே என்று கேட்டார். "என்னுடைய கணவருக்குள்" என்றேன். அந்தப் பக்கம் பேனை மூடி திறபட்டது. பிறகு அவர் அதை எழுத்துக்கூட்டி எழுதும் சத்தம் கேட்டது. பாதி மீட்கப்பட்டது, பாதி அருந்தப்பட்டது என்று அந்த அணியின் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்க வேண்டும்.

சிரிக்கலாம். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கை மேலே போனது. அதில் என் மகளின் பெயர் இருந்தது. சீஃப் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் புத்தகத்தைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு வருசம் நிக்க வேண்டி வரும் போல" என்று மட்டும் அவள் சொன்னாள். அடுத்த மூன்று ஞாயிறும் போன் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் காப்பாற்றப் போய், அவள் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை நானே தட்டி விழுத்திவிட்டேன். மூன்று வீடு தள்ளியிருக்கும் அக்கா ஒரு நாள், "மகள் இன்னும் கழுவிறாவோ?" என்று கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்ன வேலை செய்கிறாள், எவ்வளவு கெட்டிக்காரி, நான் செய்த முட்டாள்வேலை என்ன என்று நடுத்தெருவில் நின்று கத்திச் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா பயந்துபோய் அடுத்த நாள் பால்சோறு கொண்டுவந்து தந்தார்.

புரட்டாதியில் சீஃப் கையெழுத்துப் போட்டார். காரணம் சொல்லவில்லை. ஐப்பசியில் பரீட்சை நடந்தது. எஞ்சின், எண்ணெய், வடம் என்று இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, கடைசியில் ஓர் அதிகாரி அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தாராம். போனில் தாய் சொன்ன ஒரு வார்த்தைக்காக, புறப்படத் தயாராக நின்ற ஹெலிகொப்டரை எதற்காக நிறுத்தினாய் என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னனி?" என்றேன்.

"அம்மா ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவா, ஆனா எனக்கு ஒண்டு நடக்கும் எண்டால் பொய் சொல்ல மாட்டா எண்டனான்."

தேறிவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு காலை, வேலைநாளில், போன் வந்தது. அரிசி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கையெழுத்துப் போட்டிட்டன். என்ர முதல் மெஷின். போயிட்டினம்."

"கெட்டிக்காரி" என்றேன். அவள் சந்தோசப்படவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது.

"அஞ்சு பேர் அம்மா. நான் சரி எண்டு எழுதினதை நம்பிப் போயிருக்கினம். எனக்கு இருக்க ஏலாமல் கிடக்கு."

எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. அந்த வருடம் முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். குத்திக் காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நான் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

"அவை இறங்குமட்டும் போனை வைக்காதேங்கோ" என்றாள்.

"என்ன கதைக்கிறது?"

"என்னவெண்டாலும்."

மருந்துக்கடைக்கு வர முடியாது என்று கணவரைக் கொண்டு சொல்லுவித்தேன். மூன்று மணி நேரம் கதைத்தேன். அக்காவின் பால்சோற்றில் சீனி கூடியதிலிருந்து, அப்பா தலைமுடிக்குச் சாயம் பூசியதுவரை சொன்னேன். அவள் 'உம்' மட்டும் கொட்டினாள். சோறு பாதியில் நின்று களியாகிவிட்டது.

பிறகு அவள், "வந்திட்டினம்" என்றாள். நான் கதையை நிறுத்தினேன். அவள் யன்னலோரம் நின்றிருக்க வேண்டும். மெல்லிய குரலில், தனக்குத்தானே எண்ணினாள். "ஒண்டு. ரெண்டு. மூண்டு." இடையில் நின்றது. நான் போனைக் காதோடு அழுத்தினேன். "நாலு." ஐந்தாவது ஆள் இறங்கிய பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.